வெள்ளிக்கிழமைப் பெட்டி

பியூலா இறந்து பதினாறு மாதம் கழித்து, ஜூன் முதல் வாரத்தில், தன் உடம்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பது ஜஸ்டினுக்குத் தெரிய வந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

அதுவரை தொந்தரவு இல்லை. காலையில் ஏழரைக்குத் தென்காசியில் பைக்கை எடுத்தால் எட்டு மணிக்குள் குற்றாலம். ஐந்தருவிச் சாலையில் பதினெட்டு அறைகள் கொண்ட லாட்ஜில் அவன் மேனேஜர். வருகிறவர்களிடம் ஆதார் நகல் வாங்கி, சாவியைக் கொடுத்து, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவன் இதற்கா என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். பியூலா போன பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் போய்விட்டாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகின்றன என்று தினமும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம், நாற்பதாயிரம், பன்னிரண்டாயிரம். அந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது கிடைக்கவில்லை.

அடக்கத்தில் அவன் அழவில்லை. பிறகும் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனான். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பதில் சொல்வதைவிட இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது சுலபம். சிறு பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி வகுப்பும் எடுத்தான். மாமனார் அய்யாத்துரை, சபை மூப்பர், முன்வரிசையில் இருந்து திரும்பி அவனைப் பார்த்துத் தலையை அசைப்பார். மகள் போன பிறகும் அவர் மருமகனை விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு பையோடு வருவார். மாம்பழம், முறுக்கு, ஒரு தடவை கொசுவலை. "மாப்ள, சாப்ட்டியளா?" என்பார். அரை மணி நேரம் சுவரில் மகளின் படத்துக்கு நேரே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வை முத்துச்செல்வி. அச்சன்புதூர்க்காரி. இருபத்தெட்டு வயது. கணவன் இசக்கிராஜா ராணுவத்தில், அஸ்ஸாமில் இருந்தான். வருடத்துக்கு ஒருமுறை வந்து, முப்பது நாள் இருந்து, வயலைப் பார்த்து, நண்பர்களைப் பார்த்துவிட்டுப் போவான். அவள் மாமியாரோடு இருந்தாள். எட்டரை மணி பஸ்ஸில் வருவாள். வந்ததில் இருந்து வாய் ஓயாது.

"அண்ணாச்சி, ஏழாம் நம்பர்ல ஒரு ஆளு ஈரத் துண்ட ஃபேன்ல கெட்டி சுத்த விட்டுருக்கான். அருவி ரூமுக்குள்ளயே விழுது. டிக்கெட் போட்டு ஆள விடுவமா?"

ஜஸ்டின் சிரிக்க மாட்டான். அவள் விட மாட்டாள்.

"சிரிச்சா சம்பளத்துல புடிப்பாவளோ?"

மே மாதக் கடைசியில் சாரல் தொடங்கியது. சீசன். அந்த வாரத்தில் எப்போதோ அவள் 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவதை விட்டாள். 'சார்' என்றும் சொல்லவில்லை. வெறுமனே, "இங்கன பாருங்க," என்றாள். அவள் கூப்பிடுவதில் ஒரு சொல் குறைந்திருப்பது அவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஒரு நாள் நனைந்து வந்தாள். கவுண்டருக்கு முன்னால் நின்று கூந்தலை அவிழ்த்து, கிளிப்பை, "புடிங்க," என்று அவன் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துத் துவட்டினாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிளாஸ்டிக் கிளிப், கத்திரிப்பூ நிறம், ஒரு பல் உடைந்தது. அவன் அதை ஏந்திக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் இருந்து தோள் வரை எதுவோ ஏறியது. பதினாறு மாதம் மரத்துக் கிடந்த கை.

வீட்டுக்குப் போய்ப் பியூலாவின் படத்தைப் பார்க்காமல் படுத்தான்.

அடுத்த புதன்கிழமை. லாட்ஜில் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்தவர்களுக்கு இரண்டு மணிக்குத்தான் சாவி. நடுவே இரண்டு மணி நேரம் கட்டடம் காலியாக இருக்கும். மற்ற பெண்கள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வி கவுண்டரில் இருந்து பதினாலாம் எண் சாவியை எடுத்தாள்.

"பதினாலுல ஏசி சத்தம் போடுது. வந்து பாக்கியளா?"

"எலக்ட்ரீசியன வரச் சொல்லுதேன்."

"எலக்ட்ரீசியன் பாத்து என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போனாள்.

மாடிக்குப் பதினான்கு படிகள். ஜஸ்டின் எட்டு ஏறினான். அங்கிருந்து பதினாலாம் அறையின் கதவு தெரியும். பாதி திறந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. புத்தம் புதிது போல ஓடியது.

எட்டாம் படியில் அவனுக்கு வசனம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாட்டு வரவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. அது பியூலா இல்லை. சிறு வயதில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். பியூலாவின் ஐந்து நாளும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர். ஜஸ்டின் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

இன்றைக்கு இறங்கிவிட்டான். நாளைக்கு இறங்குவானா என்பது அவனுக்கே தெரியவில்லை.

அவர்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். பதினோரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை போகும். வாசலில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். தேவை உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். கடைசியில் ஒருவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிக்க, சபை முழங்காலிட்டு அந்தக் காரியத்துக்காகச் சத்தமாக ஜெபிக்கும். விருப்பம் உள்ளவர்கள் பெயர் போடலாம். போடாமலும் இருக்கலாம்.

போதகர் அந்த மாதம் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஜெபத்தைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். "மருந்துக் கடையில போயி 'மாத்திரை குடுங்க'ன்னு நின்னா எந்த மாத்திரைம்பான். தலைவலியா, வயித்துவலியா, எத்தன நாளா, சொல்லணும்லா? ஆண்டவர்ட்டயும் அப்படித்தான்."

நேரில் சொல்ல ஜஸ்டினுக்கு வாய் வராது. எழுத வரும். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்கு வெளியே பைக் சீட்டில் தாளை வைத்து எழுதினான். எழுத்தை மாற்றி, அச்சு போல நிமிர்த்தி எழுதினான்.

'ஒரு சகோதரன். வயது 31. மனைவி மரித்துப் பதினாறு மாதம். வேலை செய்யும் இடத்தில், மணமான ஒரு சகோதரியின் நிமித்தம் சரீர சோதனை. பதினாலாம் எண் அறைக்குப் போகாமல் இருக்கப் பெலன் வேண்டும்.'

பெயர் போடவில்லை. பெயரை x என்று வைத்துக்கொண்டாயிற்று என்று நினைத்தான். இத்தனை விவரத்தைக் கொடுத்தால் x தானாக வெளியே வந்துவிடும் என்பது கணிதம் படித்தவனுக்குத் தோன்றவில்லை. அறுபது குடும்பம் உள்ள சபையில் முப்பத்தொரு வயதில் மனைவியை இழந்தவன் எத்தனை பேர் இருக்க முடியும்?

பெட்டியைத் திறந்து வாசிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எதை வாசித்தாலும் வாய்ப்பாடு போல வாசித்துவிட்டு மறந்துவிடுவார். அன்று அவர் சிவகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக எழுந்து வந்தது அய்யாத்துரை.

மூன்றாவது சீட்டு. "ஒரு சகோதரன்," என்று தொடங்கினார். "வயது முப்பத்தொண்ணு. மனைவி மரித்து..." அங்கே குரல் கொஞ்சம் தாமதித்தது. பதினாறு மாதம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் மனிதர் கடைசி வரை வாசித்தார். அறை எண்ணையும் வாசித்தார். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்ததை ஜஸ்டின் ஆறாம் வரிசையில் இருந்து பார்த்தான்.

சபை முழங்காலிட்டது. போதகர் குறிப்பாகக் கேட்கச் சொல்லியிருந்தாரே, குறிப்பாகவே கேட்டார்கள்.

"அந்த ரூமு இடிஞ்சு விழட்டும் ஆண்டவரே."

"அந்தப் பொம்பளைய அவன் கண்ணுக்கு மறைச்சுப் போடும்."

"விழுந்து போன அந்தச் சகோதரனத் தூக்கி எடும் அப்பா."

விழவில்லை என்று சொல்ல இடமில்லை. நாற்பது பேர் கண்ணை மூடி அவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜஸ்டின் நடுவில் முழங்காலிட்டு, எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னான்.

மறுநாள் சனிக்கிழமை அய்யாத்துரை பை இல்லாமல் வந்தார். உட்காரவில்லை.

"அவ யாரு?"

"மாமா, ஒண்ணும் நடக்கல."

"நான் அதக் கேக்கல. அவ யாருங்கேன்."

ஜஸ்டின் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"நம்பர் போட்டு எழுதிருக்க. போகாதவனுக்கு ரூம் நம்பர் என்னத்துக்கு?"

"எட்டுப் படி ஏறுனேன். எறங்கிட்டேன்."

"எட்டுப் படியா? எண்ணிக்கிட்டா ஏறுன? ஏலே, நடக்காததுக்கு எவன்லே சீட்டு எழுதிப் போடுவான்? நடந்த பொறவுதான் எல்லாவனும் ஜெபம் கேப்பான்."

இத்தனை வருடத்தில் அவர் அவனை 'லே' போட்டது அன்றுதான்.

"நடக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன் மாமா."

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. சுவரில் இருந்த படத்தை எடுக்கக் கையை நீட்டினார். எட்டவில்லை. எக்கினார். எழுபது வயது. விழுந்துவிடுவாரோ என்று ஜஸ்டின் சமையலறையில் இருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அவர் ஏறியபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். அவர் படத்தைக் கழற்றி, தூசியைத் துண்டால் துடைத்து, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு இறங்கினார்.

"எம் பிள்ள இங்கன இருந்து இதெல்லாம் பாக்க வேண்டாம்."

அவர் போன பிறகு சுவரில் ஒரு சதுரம் வெளுப்பாக நின்றது. மற்ற இடத்தில் சுவர் அழுக்காகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் போதகர் அவனைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நாற்பது வயதுதான் இருக்கும். பேசுவதற்கு முன் கதவைச் சாத்தினார்.

"நீ தப்பு பண்ணலன்னு எனக்குத் தெரியும்ப்பா. சபைக்குத் தெரியாதுல்லா."

"நீங்க சொல்லலாமே ஐயா."

"என்னன்னு சொல்ல? 'ஜஸ்டின் அந்த ரூமுக்குப் போகல'ன்னு பிரசங்கத்துல அறிவிக்கவா? ஒரு மாசத்துக்குத் திருவிருந்து எடுக்காம இரு. பிள்ளைய கிளாஸும் வேற ஆளு பாக்கட்டும். எல்லாம் ஆறட்டும்."

"குறிப்பா கேக்கச் சொன்னீங்க."

போதகர் நெற்றியைத் தேய்த்தார். "ஆண்டவர்ட்டக் கேக்கச் சொன்னேன் தம்பி. பெட்டிக்குள்ள அவ்வளவு குறிப்பாவா போடுவாவ?"

திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ஜஸ்டின் காலை ஒருபுறம் ஒதுக்கி வழிவிட்டான். அவனைத் தாண்டிப் போன ஓர் அம்மா, அவன் முழங்காலில் பட்ட சேலை முந்தியைச் சுண்டி இழுத்துக்கொண்டாள். எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துத் திரும்பி வந்தார்கள். அவன் அந்த வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அறைக்குப் போயிருந்தாலும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. அந்த எண்ணம் ஒரு விஷம். உடனே துப்பவில்லை, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தான்.

திங்கட்கிழமை அய்யாத்துரை லாட்ஜுக்கே வந்துவிட்டுப் போனார். ஜஸ்டின் சந்தைக்குப் போயிருந்த நேரம். கேட்டில் வாட்ச்மேன் நாறும்பூநாதனிடம், "பதினாலாம் நம்பரு எந்தப் பொம்பளை பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். நாறும்பூநாதன் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"மேனேஜர் சார், உங்க மாமனாரு வந்தாரு. முத்துச்செல்வி எப்ப வருவா எப்பப் போவான்னு கேட்டாரு. நல்ல பிள்ளைன்னுதான் சொன்னேன். அது சரி, உங்க கோயில்ல ரூமு நம்பர் எல்லாம் சொல்லி ஜெபம் பண்ணுவாவளாம்லா? நம்ம லாட்ஜுக்கு நல்ல விளம்பரம்."

செவ்வாய்க்கிழமை முத்துச்செல்வி கவுண்டருக்கு வந்தாள். சிரிப்பு இல்லை.

"என்னைய வச்சு ஜெபம் பண்ணுனியளோ?"

"பேரு எழுதல."

"பேரு எழுதலன்னா? என்னன்னு எழுதுனிய?"

அவன் ஆதார் நகல்களை அடுக்கினான்.

"சோதனைன்னா? வாட்ச்மேன் சொன்னாரு. கிளிப்பப் புடிக்கத் தந்தவ சோதனை. நல்லாருக்கு."

அதன் பிறகு இரண்டு நாள் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது பேசுவதைவிட மோசமாக இருந்தது. அவளுடைய வளையல் எந்த மாடியில், எந்த வராந்தாவில் போகிறது என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. ஜெபித்தான். கழிவறையில் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு ஜெபித்தான். ஜெபித்து முடித்து வெளியே வந்தால் வளையல் சத்தம் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மலையில் பெருமழை. எட்டு மணிக்கெல்லாம் மெயின் அருவி, ஐந்தருவி எல்லாவற்றிலும் வெள்ளம். அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. குளிக்க முடியாத குற்றாலத்தில் யாருக்கு என்ன வேலை? அறை போட்டவர்கள் முணுமுணுத்தபடி பன்னிரண்டு மணிக்குள் காலி செய்தார்கள். வர வேண்டியவர்கள் போனில் ரத்து செய்தார்கள். மற்ற பெண்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. நாறும்பூநாதன் குடையை எடுத்துக்கொண்டு வெள்ளம் பார்க்கப் போனார். நாற்பது வருடமாகப் பார்க்கிற வெள்ளம்தான்; போனால் வர ஒரு மணி நேரமாகும்.

முத்துச்செல்வி சாவிக்கொத்தைக் கவுண்டரில் வைத்தாள்.

"எல்லா ரூமும் பூட்டியாச்சு. பதினாலு மட்டும் பூட்டல." பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "நாளையில இருந்து நான் வரல. முதலாளிட்ட சொல்லியாச்சு."

"ஏன்?"

"ஏன்னு கேக்கியளா? எங்க அத்தைக்கு விசயம் போயிட்டு. அங்கேருந்து அஸ்ஸாமுக்குப் போயிட்டு. அவுக போன் பண்ணுனாக. நடந்துச்சா நடக்கலயான்னு ஒரு வார்த்த கேக்கல. வேலைய விடுன்னாக. விட்டுட்டேன்."

"நான் வேணா பேசுதேன்."

"என்னன்னு பேசுவிய? அவ என் சோதனைன்னா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. ஆனால் கோபமாகப் பேசவில்லை.

"நீங்க அன்னைக்கு ஏறுனத மேல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன். பொறவு எறங்குனதையும் கேட்டேன். முதல்ல ரோசமா இருந்துச்சு. அப்புறம் உங்க மேல ஒரு மரியாதைதான் வந்துச்சு. இனிமே இவருகிட்ட இந்தப் பேச்சே வேண்டாம்னு நெனச்சேன். அண்ணாச்சின்னே கூப்புடணும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க போயி எழுதிப் போட்டுட்டிய."

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கு. எனக்கு எங்கன இருக்கு? நான் யாருட்டப் போயி சொல்லட்டும், வருசத்துல முப்பது நாளுதான் எனக்குப் புருசன்னு?"

அவள் சாவிக்கொத்தில் இருந்து பதினாலாம் எண் சாவியை மட்டும் கழற்றினாள்.

"இப்ப என்ன மிச்சம் இருக்கு? எல்லாரும் நடந்துட்டுன்னுதான் இருக்காவ. நடக்காத ஒண்ணுக்கு நான் வேலையத் தொலச்சேன், நீங்க கோயிலத் தொலச்சிய. வாட்ச்மேன் வர ஒரு மணி நேரமாவும். நாளைக்கு நான் இங்கன இல்ல. வாறதுன்னா வாங்க. வரலன்னா விடுங்க. எழுத மட்டும் செய்யாதிய."

அவள் படியேறினாள். பதினான்கும் கேட்டது. பிறகு கதவு. பிறகு ஏசி.

ஜஸ்டின் எழுந்து படியருகே போனான். முதல் படியில் வலது காலை வைத்தான்.

போன வாரப் புதன்கிழமை அவனைத் தடுக்க எத்தனையோ இருந்தன. மாமனார் இருந்தார். சுவரில் படம் இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். சபையில் நல்ல பெயர் இருந்தது. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது மேலே போனால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. அவன் உடம்பு முழுக்க மேலே போயாகிவிட்டது; கால்தான் பாக்கி.

"எல்லாத்தையும் எடுத்துட்டாவ," என்றான். மழைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "நீர் மட்டுந்தான் இருக்கீர். நீரும் வாயத் திறக்க மாட்டீர்."

அவர் வாயைத் திறக்கவில்லை. மழைதான் பெய்தது.

அவனுக்கு ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாயிரம் என்று எழுதிய தாள். அன்று கேட்டான், கொடுக்கவில்லை. அதன் பிறகு பதினாறு மாதம் எதையும் கேட்கவில்லை. எழுதிக் கேட்டது ஒரே ஒரு தடவை, போன வெள்ளிக்கிழமை, பைக் சீட்டில் தாளை வைத்து. பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று அவன் எழுதவில்லை. மாமனார் வேண்டும் என்று எழுதவில்லை. பதினாலாம் எண் அறைக்குப் போகாமல் இருக்கப் பெலன் வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தான். எழுதாததெல்லாம் போய்விட்டது. எழுதியது, பார்த்தால், இருந்தது. அந்த நிமிடம் வரை அவன் போகவில்லை. கால் முதல் படியில் இருந்தது. இரண்டாவது படிக்குப் போகவில்லை.

வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த ஒரே பதில் இது. கசப்பான பதில். வேறு யாராவது கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பான். இதையும் எறிந்துவிட்டால், பிறகு அவனுக்கும் அவருக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்த வராந்தாவில் முழங்காலிட்டது யாரிடம் என்பதுகூட இல்லாமல் போய்விடும்.

காலை எடுத்தான்.

"முத்துச்செல்வி."

மேலே வளையல் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

"நான் வரல. எழுதுனது தப்பு. உன்னையக் கேக்காம உன்னைய எழுதுனேன். மன்னிச்சிரு."

பிறகு ஏசி நின்றது.

"சரி," என்றாள். குரலில் என்ன இருந்தது என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. "நான் பூட்டிட்டு சாவிய மாட்டிட்டுப் போறேன். எதிர்க்க நிக்காதிய. போங்க."

அவன் பைக் சாவியை எடுத்தான்.

"போங்க அண்ணாச்சி," என்றாள் மேலே இருந்து.

மழைக்கோட்டு எடுக்கத் தோன்றவில்லை. கயிறு கட்டிய இடத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அவனைத் திட்டினார். பக்கத்தில் நாறும்பூநாதன் குடை பிடித்தபடி வாயைத் திறந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லாட்ஜுக்குப் போங்க, ஆளில்ல," என்று கத்திவிட்டு ஜஸ்டின் நிற்காமல் போனான். தென்காசி வரை உடம்பு நடுங்கியது. குளிரா, மற்றதா, தெரியவில்லை. ஆசை எங்கும் போய்விடவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

கோயிலில் உபவாச ஜெபம் முடியும் நேரம். வாசலில் பெட்டி. பக்கத்தில் சீட்டுகளும் பென்சிலும். போதகர் சொன்ன இன்னொன்றும் உண்டு; கேட்டது கிடைத்தால் ஸ்தோத்திரச் சீட்டு எழுத வேண்டும். ஜஸ்டின் ஈரக் கையைச் சுவரில் துடைத்தான். சுவரும் ஈரம். இந்தத் தடவை எழுத்தை மாற்றாமல், தன் கையெழுத்தில் எழுதினான்.

'போன வெள்ளிக்கிழமை கேட்டது கிடைத்தது. இன்றும் போகவில்லை. ஒரு தடவையும் போகவில்லை. ஸ்தோத்திரம். ஜஸ்டின்.'

அவளைப் பற்றி ஒரு வரி எழுதத் தொடங்கினான். 'அந்தச் சகோதரியின் மேல்' என்று வந்தது. நிறுத்தி, அடித்து, எழுத்து தெரியாதபடி மேலே மேலே கிறுக்கினான். தாள் கிழியப் பார்த்தது. மடித்துப் பெட்டியில் போட்டான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவனில் இருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடியது. பக்கத்தில் இருந்தவர் காலை மடக்கி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

சிவகிரிக்குப் போன ஆசிரியர் இன்னும் திரும்பவில்லை. அய்யாத்துரைதான் பெட்டியைத் திறந்தார். ஒரு பெண்ணுக்கு வரன். ஒருவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு வீட்டில் பங்காளித் தகராறு. நான்காவது சீட்டு ஈரமாக இருந்தது. அதை ஒட்டாமல் பிரிக்க அவருக்கு நேரம் எடுத்தது. பிரித்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். உதடு அசைந்தது. 'போன வெள்ளிக்கிழமை' என்று அசைந்ததா என்று தூரத்தில் இருந்து தெரியவில்லை. கடைசி வரை வாசித்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார்.

நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தார். ஜஸ்டின் கண்ணை எடுக்கவில்லை.

அய்யாத்துரை சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சபை காத்திருந்தது. அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

"ஒரு தம்பிக்குக் கத்தார் விசா," என்றார். இருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "விசா. மூணு மாசமா இழுத்துட்டு இருக்காம்."

எல்லோரும் முழங்காலிட்டார்கள். சத்தம் எழுந்தது. அந்த அதிகாரியின் மனது இளகட்டும் என்று ஒருவர், கையெழுத்து விழட்டும் என்று ஒருவர். ஜஸ்டினும் முழங்காலிட்டான். விசா கிடைக்கட்டும் என்று கேட்டான். அதற்குப் பிறகு உதட்டை அசைக்காமல் அச்சன்புதூர்க்காரிக்காக ஒன்று கேட்டான். சிமெண்டுத் தரை முழங்காலில் குத்தியது. யாரோ ஆமென் என்றார்கள். அவனும் சொன்னான்.